பகல் பயணமா, இரவு முகாமா, சாகச நிறுவனமா? பிள்ளைகளுக்குக் கைத்திறன் கற்றுத்தரும் பயணத்தைத் திட்டமிடுவோருக்கு ஓர் ஒப்பீடு

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் மலேசியாவின் பினாங்கில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் ஆலய இளைஞர் பிரிவினரும் முன்னாள் மாணவர் குழுவினரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். 13 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்? கொடிமலைக்கா, தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்கா, அல்லது பேருந்தில் ஏற்றிப் பேராக் மாநிலத்துக் கோப்பேங் வரை கொண்டுபோய் ஒரு சாகச நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாமா? இடத்தைப் பற்றிய கேள்வியாக இது வந்தாலும், திரும்பி வரும்போது பிள்ளையின் கைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தால் இடம் பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடுகிறது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியிலிருந்துதான். சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் நடத்திய முதல் முகாமில் 24 பிள்ளைகள் இருந்தார்கள், அடுப்புகள் இரண்டு. மழை வரும்போல் இருந்ததால் பெரியவர்களே அவசர அவசரமாகக் கூடாரம் அடித்தோம், சோறு வடித்தோம், ரசம் வைத்தோம். நிகழ்ச்சி அட்டவணையில் ‘வெளிப்புறச் சமையல்’ என்று அழகாக எழுதியிருந்தது. மறுநாள் வீடு திரும்பும் வழியில், என்ன கற்றுக்கொண்டாய் என்று ஒரு மாணவியிடம் கேட்டபோது, “அண்ணன் ரசம் நல்லா வச்சாரு” என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். ஆனால் 24 பேரில் ஒருவர்கூடத் தீக்குச்சியைத் தொடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

## எதை வைத்து எடை போடுவது

கை எண்ணிக்கை. ஒவ்வொரு பிள்ளையும் குறிப்பிட்ட ஒரு செயலைத் தன் கையால் எத்தனை முறை செய்யும் என்பதே முதல் அளவுகோல். அடுப்பு பற்றவைத்தல், திசைகாட்டியால் ஒரு கோணம் எடுத்து நடத்தல், மழைவிரிப்பைக் கட்டுதல், கணுக்கால் சுளுக்கியவருக்குக் கட்டுப் போடுதல் ஆகிய எதுவும் ஒரு முறை பார்த்ததால் வருவதில்லை. குறைந்தது மூன்று முறை, அதிலும் ஒரு முறை தவறாகச் செய்தபின், கைக்கு வருகிறது. அதனால் ஒரு பயணத்துக்கு மூன்று திறன்களுக்கு மேல் குறி வைப்பது வீண் ஆசை.

தவற்றின் விலை. சோறு அடிபிடித்தால் பசி. விரிப்பைச் சரியாகக் கட்டாவிட்டால் ஈரப் படுக்கை. இவை நல்ல ஆசிரியர்கள். கோலாலம்பூர் அருகே புக்கிட் தாபூரின் குவார்ட்சுப் பாறை முகட்டில் கால் தவறுவது அப்படிப்பட்டதன்று. அங்கே உயிரிழப்புகள் நிகழ்ந்திருக்கின்றன. அருவி ஓடைகளில் ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் திடீர் வெள்ளமும் இவ்வகையைச் சேர்ந்ததே. மேலே எங்கோ கொட்டிய மழை, நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சுவர்போல் இறங்கி வரும். நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், இரைச்சல் மாறுவதும் அதன் அடையாளங்கள். இவற்றைப் பிள்ளைகளுக்குக் கரையில் நின்று சொல்லித்தரலாம். ஆற்றுக்குள் நிறுத்திப் பரிசோதிக்க முடியாது.

வெளியேறும் வழி. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ வானம் இருண்டாலோ எவ்வளவு நேரத்தில் வாகனச் சாலைக்கு வர முடியும்?

பெரியவர்களின் தகுதி. எத்தனை பேர் வருகிறார்கள் என்பதோடு, அவர்களில் எத்தனை பேர் முதலுதவி பயின்றவர்கள், பெண் பிள்ளைகள் இருந்தால் குறைந்தது இரண்டு பெண்கள் வருகிறார்களா, இறுதியாக எத்தனை பேரால் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க முடியும் என்பனவும் இதில் அடங்கும். கடைசித் தகுதி உடையவர்கள் நம்மிடையே மிகவும் அரிது.

முழுச் செலவு. கட்டணத்தோடு பேருந்து வாடகை, காப்புறுதி, அனுமதிக் கடிதங்கள் கிடைப்பதற்கான வாரங்கள், பெரியவர்கள் எடுக்கும் விடுப்பு, திரும்பி வந்தபின் கருவிகளைப் பராமரிக்கும் உழைப்பு எல்லாம் இதில் சேரும்.

இந்த ஐந்து அளவுகோல்களிலும் நான்கு வழிகள் எப்படி நிற்கின்றன என்பதைக் கீழே பாருங்கள். தலைப்பிலுள்ள மூன்றோடு, இளையோர் விருதுத் திட்டம் ஒன்றின் கீழ் செல்லும் நடைபயணத்தையும் நான்காவதாகச் சேர்த்திருக்கிறேன்.

| அளவுகோல் | தொடர் பகல் பயணம் | ஓரிரவு முகாம் | சாகச நிறுவனம் | நடைபயண விருது வழி |
|---|---|---|---|---|
| கை எண்ணிக்கை | மிக அதிகம் | நடுத்தரம். திட்டத்தைப் பொறுத்தது | பெரும்பாலும் குறைவு | அதிகம், முன்பயிற்சி இருந்தால் |
| தவற்றின் விலை | குறைவு | நடுத்தரம் | வழிகாட்டி கட்டுப்படுத்துகிறார் | நடுத்தரம் முதல் அதிகம் வரை |
| வெளியேறும் வழி | எளிது | நடை அல்லது படகு | நிறுவனத்தின் பொறுப்பு | பாதையைப் பொறுத்தது |
| பெரியவர்கள் | பொறுமையுள்ள சிலர் | அனுபவமுள்ளோர் கட்டாயம் | உடன் செல்வோர் போதும் | பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் |
| மறைந்த செலவு | பல ஞாயிறுகள் | ஈரக் கருவிகள், அனுமதிகள் | திறன் தங்காமல் போவது | மாதக்கணக்கான ஆயத்தம் |

## தொடர் பகல் பயணம்

ஒரே குழு, மூன்று அல்லது நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், காலை 7 மணிக்குப் புறப்பட்டு மதியம் வீடு. கேட்பதற்குச் சுவை குறைந்த ஏற்பாடு. பிள்ளைகளும் முதலில் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் மேலே சொன்ன முதல் அளவுகோலில் இதை வேறு எதனாலும் வெல்ல முடிவதில்லை.

கணக்கைப் பாருங்கள். நான்கு பேருக்கு ஓர் அடுப்பு என்று வைத்தால், ஓரிரவு முகாமில் மூன்று வேளைச் சமையலுக்கு அந்த அடுப்பு மூன்று முறை பற்றவைக்கப்படும். நால்வரில் ஒருவருக்கு வாய்ப்பே கிடைக்காது. பகல் பயணத்தில் பசி காத்திருக்கவில்லை. ஒரு மரத்தடியில் 20 நிமிடம் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் எரிவாயுக் குப்பியைப் பொருத்தி, பற்றவைத்து, அணைத்து, கழற்றி அடுத்தவரிடம் கொடுத்தால், அனைவருக்கும் இரண்டு மூன்று முறை கிடைத்துவிடும். அதன்பின் ஆளுக்கொரு கோப்பை மைலோ கலக்கிக் குடித்துவிட்டு நடக்கலாம்.

பினாங்கில் இதற்குக் கொடிமலை ஒரு வரம். தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிக்குச் செல்லும் ஜீப் பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமும் 700 மீட்டர் அளவிலான ஏற்றமும் கொண்டது. நேர மதிப்பீடு கற்றுத்தர இதைவிட நல்ல கரும்பலகை கிடைக்காது. ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892இல் வகுத்த விதிப்படி, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரமும் கூட்ட வேண்டும். அப்படியானால் உச்சிக்கு இரண்டு மணி பத்து நிமிடம் என்று விடை வரும். பிள்ளைகளைக் கணக்கிட்டு எழுதச் சொல்லுங்கள்; பிறகு நடந்து பாருங்கள். குளிர்நாட்டு விதி நம் ஊர்ப் புழுக்கத்தில் எங்கே பொய்க்கிறது என்பதை வழியிலுள்ள 84ஆம் எண் ஓய்விடத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே அவர்கள் கண்டுகொள்வார்கள். அடுத்த ஞாயிறு தங்கள் குழுவுக்கென்று ஒரு திருத்திய விதியோடு வருவார்கள். யாருக்காவது முடியவில்லையென்றால் உச்சியிலிருந்து மலை இரயிலில் இறங்கிவிடலாம். பூங்கா வாயிலுக்கு 10ஆம் எண் ரேப்பிட் பொதுப் பேருந்து வருவதால் பேருந்து வாடகையும் மிச்சம்.

திசைகாட்டிக்கு நம் நாட்டில் ஒரு சலுகை உண்டு. தீபகற்ப மலேசியாவில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு பாகைக்கும் குறைவு. வெளிநாட்டுக் கையேடுகளில் பாதி அத்தியாயத்தை விழுங்கும் திருத்தக் கணக்கு இங்கே தேவைப்படுவதில்லை. 13 வயதுப் பிள்ளைக்கு ஒரே காலையில் கோணம் எடுக்கக் கற்றுத்தரலாம். ஆனால் அயல்நாட்டில் வாங்கிய மலிவான திசைகாட்டியின் ஊசி இங்கே ஒரு பக்கம் சாய்ந்து உரசக்கூடும், ஏனெனில் ஊசிகள் பகுதிக்கேற்பச் சமன் செய்யப்படுகின்றன. கடையிலேயே தட்டையாகப் பிடித்து, தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கோலாலம்பூர்க் குழுக்களுக்குக் கெப்போங்கிலுள்ள வன ஆய்வுக் கழகத்தின் பூங்கா இதே வேலையைச் செய்யும். 1920களில் ஈயச் சுரங்கத்தாலும் காய்கறித் தோட்டங்களாலும் பாழ்பட்டிருந்த நிலத்தில் நட்டு வளர்த்த காடு அது. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால் வரைபடப் பயிற்சிக்கு ஏற்றது.

மறைந்த செலவு ஒன்றுதான், ஆனால் பெரிது: ஞாயிற்றுக்கிழமைகள். டியூஷன், தேவார வகுப்பு, உறவினர் திருமணம் என்று நான்கு வாரத்தில் இரண்டு வாரம் வராத பிள்ளைகள் இருப்பார்கள். நாளை முன்கூட்டியே குறித்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்காமல் இதைத் தொடங்கக் கூடாது. மேலும் இரவு, தனிமை, மழையில் உறங்குதல் ஆகியவை தரும் மனத் துணிவு இதில் கிடைப்பதில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

## ஓரிரவு முகாம்

தெலுக் பஹாங்கிலுள்ள பினாங்கு தேசியப் பூங்கா 2003இல் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. வாயிலிலிருந்து பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குக் காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேர நடை. பைகளோடு பிள்ளைகள் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முகாமிட முன்அனுமதி பெற வேண்டும். ஆமைப் பாதுகாப்பு மையமும், மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் கலவாமல் நிற்கும் பருவகால ஏரியும் அந்தக் கடற்கரையில் உள்ளன. கடலில் இறங்க முடியாது. இழுவிசையும் இழுதுமீன்களும் அங்கே உண்மையான ஆபத்து. நீச்சலை எதிர்பார்த்து வரும் பிள்ளைகளிடம் இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் முதல் மாலை முழுவதும் முணுமுணுப்பில் கழியும்.

பகல் பயணம் தர முடியாத சில பாடங்கள் இங்கே கிடைக்கின்றன. கடற்கரையில் எந்த உயரத்தில் கூடாரம் அடிப்பது என்பது ஒன்று. நம் நீரிணையில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். கடல் விட்டுச் சென்ற குப்பைக் கோட்டைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடித்து, அலை அட்டவணையோடு ஒப்பிட்டு, இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். உணவைக் குரங்குகளிடமிருந்து காப்பது இன்னொன்று. ஒரு பொட்டலம் ரொட்டி பறிபோனால் அந்தக் குழு அதன்பின் பையின் வாயைத் திறந்து வைப்பதில்லை. எத்தனை உரையாற்றினாலும் இந்த விளைவு வராது. தண்ணீரும் அப்படித்தான். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பது புத்தகத்தில் படித்த செய்தி. நான்கு லிட்டரை முதுகில் ஏற்றியபின் அது அறிவாகிறது.

ஆனால் முகாமைப் பாடசாலையாக எண்ணித் திட்டமிடுபவர்கள் எங்களைப் போலவே ஏமாறுவார்கள். களைப்பு, பசி, இருட்டு, கொசு ஆகிய நான்கும் சேரும் மாலை 6 மணி, புதிதாக முடிச்சுப் போடக் கற்பதற்கு உகந்த நேரமன்று. அந்த நேரத்தில் பெரியவர் கை தானாக நீளும். ஏற்கெனவே பழகியதைப் பயன்படுத்திப் பார்க்கும் தேர்வாக முகாமை வைத்தால் அது பயன் தரும். இரண்டாவது முறை நாங்கள் மூன்று பகல் பயணங்களுக்குப் பின்பே முகாமுக்குச் சென்றோம். பெரியவர்களுக்கென்று தனியாக ஓர் அடுப்பு வைத்து, எங்களுக்கு நாங்களே தேநீர் போட்டுக்கொண்டோம், பிள்ளைகளின் அடுப்புப் பக்கம் போகவில்லை. ஒரு குழு இரவு 9 மணிக்கு அரைவேக்காட்டுச் சோற்றைப் பருப்புப் பொடியோடு தின்றது. மறுநாள் காலை அதே குழுதான் முதலில் சமைத்து முடித்தது.

செலவுப் பக்கம் வருவோம். பள்ளியின் பெயரில் சென்றால் கல்வி இலாகாவின் அனுமதிக்குப் பள்ளி நிர்வாகம் வழியாகப் போக வேண்டும். அதற்கு வாரங்கள் பிடிக்கும். படகில் திரும்பலாம் என்று எண்ணிப் பொருள்களைச் சுமப்போர், கடல் கொந்தளித்தால் படகு வராது என்பதையும், அதே சுமையோடு நடந்து திரும்ப நேரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இன்னொரு செலவு யாருடைய பட்டியலிலும் வருவதில்லை. ஆறு ஈரக் கூடாரங்களை ஒன்பதாவது மாடி வீட்டு நடைக்கூடத்தில் உலர்த்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் ஊர் ஈரக்காற்றில் மூன்றே நாளில் பூஞ்சை பிடித்துவிடும் என்று. கருவிகளை வாங்கும் முன் உலர்த்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரவல் வாங்குவது மேல். உங்கள் வட்டாரப் பள்ளியின் சாரணர் படையிடம் கூடாரங்கள் இருக்கலாம். மலாயாவுக்குச் சாரணர் இயக்கம் 1908இல் வந்து சேர்ந்ததே பினாங்கில்தான்.

## சாகச நிறுவனத்திடம் ஒப்படைப்பது

பேராக்கிலுள்ள கோப்பேங் வட்டாரத்தில், கம்பார் ஆற்றில் காற்றடைத்த படகில் வெள்ளைநீர்ப் பயணம் நடத்தும் நிறுவனங்கள் பல உள்ளன. உரிமம், கருவிகள், மிதவைச் சட்டைகள், பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் எல்லாம் தயாராக இருக்கும். அனுபவமுள்ள பெரியவர்கள் இல்லாத சங்கத்துக்கு இதுவே பாதுகாப்பான வழி. தெரியாதவர் தலைமையில் காட்டுக்குப் போவதைவிட நூறு மடங்கு மேல். நீரில் செய்யும் எந்த நடவடிக்கைக்கும் இவர்களைத் தவிர வேறு வழி தேடக் கூடாது என்பதே என் கருத்து.

குறை எங்கே என்றால், வாடிக்கையாளரைச் சிரிக்க வைத்து வீட்டுக்கு அனுப்புவதுதான் அவர்களுடைய தொழில். படகைத் திருப்புவது வழிகாட்டி. பிள்ளை துடுப்பை அசைக்கிறது. ‘குழு ஒற்றுமை’ என்ற பெயரில் கயிறிழுப்பும் கைதட்டலும் நடக்கும். ஆனால் கேட்டால் மாற்றித்தரும் நிறுவனங்களும் உண்டு. எறிகயிற்றைப் பையிலிருந்து வீசி நீரில் மிதப்பவரை இழுக்கும் பயிற்சியைப் படகேறும் முன் கரையிலேயே ஒவ்வொருவரும் ஐந்து முறை செய்ய அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பிள்ளைகள், ஆற்று நீர் உயர்ந்தால் யார் எந்த அளவில் நிறுத்துவார், நிறுத்தினால் பணம் என்னாகும் என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். உணவு பற்றியும் முன்பே பேச வேண்டும். புரட்டாசியில் போனால் பாதிப் பிள்ளைகள் சைவம். ‘கோழியை எடுத்துவிட்டுச் சாப்பிடலாமே’ என்ற பதில் பல இடங்களில் இன்னும் கிடைக்கிறது.

லுமுட்டிலுள்ள அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியை இந்தப் பட்டியலில் சேர்த்தாலும் அதன் இயல்பு வேறு. 1941இல் வேல்ஸ் நாட்டில் கல்வியாளர் கர்ட் ஹானின் கருத்துகளை ஒட்டி, போர்க்கால இளம் மாலுமிகளைப் பக்குவப்படுத்தத் தொடங்கிய மரபு அது. தங்கிப் பயிலும் பல நாள் பயிற்சி என்பதால் கை எண்ணிக்கை தானாகவே கூடுகிறது. முழுக் குழுவையும் அனுப்ப வசதியில்லாதபோது, பிற்காலத்தில் குழுவை வழிநடத்தக்கூடிய இருவரை மட்டும் அனுப்புவதுகூட நல்ல முதலீடு.

## விருது வழி நடைபயணம்

எடின்பரோ கோமகன் விருது என்ற பெயரில் 1956இல் பிரிட்டனில் தொடங்கிய திட்டம், நம் நாட்டில் அரசின் இளைஞர் திட்டமான ரக்கான் மூடாவின் அனுகெரா ரெமாஜா பெர்டானா என்ற பெயரில் நடக்கிறது. 14 வயது நிறைந்தவர்கள் வெண்கல நிலையில் சேரலாம். அதன் பயணப் பகுதிக்கு இரண்டு பகல் ஓர் இரவு; வெள்ளிக்கு மூன்று பகல் இரண்டு இரவு; தங்கத்துக்கு நான்கு பகல் மூன்று இரவு. குழு 4 முதல் 7 பேர் வரை. சொந்த உழைப்பில் நகர வேண்டும், அதற்கு முன் பயிற்சிப் பயணம் முடித்திருக்க வேண்டும். பெரியவர்கள் தொலைவிலிருந்து கண்காணிப்பார்கள். அதாவது நான் மேலே கெஞ்சிக் கேட்டதை இந்தத் திட்டம் விதியாகவே வைத்திருக்கிறது.

முதல் பயணத்துக்கு அடர்காடு தேவையில்லை. பாலிக் பூலாவ் வயல்வெளிச் சாலைகளில் மிதிவண்டியில் சென்று, அனுமதி பெற்ற ஒரு திடலில் இரவு தங்குவது 14 வயதுக் குழுவுக்குப் போதுமான சோதனை. காட்டின் ஆபத்து குறைந்து, வரைபடம், நேரக் கணக்கு, சமையல், டயர் பஞ்சர் ஒட்டுதல் ஆகிய நான்கும் கூடும். ஆனால் சாலை வாகனங்கள் இங்கே வேறொரு ஆபத்து. தலைக்கவசமும் ஒளிரும் மேற்சட்டையும் இல்லாமல் ஒருவரும் ஏறக் கூடாது. மேற்பார்வையாளரும் மதிப்பீட்டாளரும் கிடைப்பது, பதிவேடுகள், மாதக்கணக்கான தொடர் ஈடுபாடு ஆகியவை இதன் விலை. ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் கலையும் குழு இதைத் தொடங்கிப் பாதியில் விட்டால் பிள்ளைகள்தான் மனமுடைந்து போவார்கள்.

## யாருக்கு எது

30 பிள்ளைகளும் இரண்டே பெரியவர்களும் கொண்ட சங்கம் நிறுவனத்திடம் செல்லட்டும், எறிகயிற்றுப் பயிற்சியைக் கேட்டு வாங்கட்டும். 12 பிள்ளைகளும் முதலுதவி பயின்ற மூன்று பெரியவர்களும் இருந்தால் மூன்று பகல் பயணங்களும் அதன்பின் ஓர் இரவும் என்ற சேர்க்கையையே நான் சொல்வேன். பள்ளியில் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் குறைந்தது இரண்டு ஆண்டு இருக்கப்போகிறார் என்றால் விருது வழி. ஒரே ஒரு சனிக்கிழமைதான் இருக்கிறது, கையில் பணமும் இல்லை என்போர் ஒரு திறனை மட்டும் தேர்ந்தெடுத்து, தாவரவியல் பூங்காவின் புல்வெளியிலேயே மழைவிரிப்புக் கட்டும் பயிற்சி நடத்தலாம்; அதற்கு மலைகூட ஏற வேண்டியதில்லை.

நாள் குறிக்கும்போது, பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி என்பதையும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஒப்பளவில் வறண்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால், அங்கே நடையை நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். பினாங்குக் குழுக்கள் டிசம்பரில் பகல் பயணங்களைத் தொடங்கி, பிப்ரவரிக்குள் முகாமை முடித்துவிடலாம். இடையில் வரும் தைப்பூச வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தாவரவியல் பூங்காவுக்குப் போகும் சாலையே தண்ணீர்மலைக் கோயிலுக்கும் போகும் சாலை. காவடிகளுக்கும் தண்ணீர்ப் பந்தல்களுக்கும் நடுவே முதுகுப்பையோடு ஒரு குழுவை நடத்திச் செல்ல முடியாது. எப்படியும் அன்றைக்குப் பெரியவர்களில் பாதிப் பேர் பந்தலில்தான் இருப்பார்கள்.